கூண்டேற முடியாத சாட்சி
மலையும் மண்ணும் – வரலாற்றுத் தொடர் – 17

கல்வராயன் மலையில் 1976 ஜூன் வரை ஜாகிர் நடந்த கதையைப் போன வாரம் பார்த்தோம். சடைய கவுண்டர், குரும்ப கவுண்டர், அரிய கவுண்டர் என்று வழிவழியாகப் பட்டம் கட்டிக்கொண்டவர்கள், கிருஷ்ணதேவராயர் காலத்து மானியம் எங்களுடையது என்று சொல்லி மலையை ஆண்டார்கள். சமவெளியில் 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. 1963-இல் இனாம் எஸ்டேட் ஒழிப்புச் சட்டமும் வந்தது. மலைக்கு மட்டும் எல்லாமே தாமதம். ஜாகிர்தார் கையில் இருந்த மலையில் குடியானவனுக்குத் தன் பெயரில் பட்டா கிடையாது. அப்பன் உழுத காடு எந்தப் பிள்ளைக்கு என்று தகராறு வந்தால் ஊர்க்கவுண்டர் முன்னால் உட்கார்ந்து பேசித் தீர்ப்பார்கள். பேச்சுதான் ஆதாரம்.

மலையிறங்கி, கச்சிராயபாளையம் தாண்டிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் நிலைமை தலைகீழ். இங்கே எதற்கும் காகிதம் வேண்டும். பத்திரம், பட்டா, சிட்டா, வில்லங்கம், வாரிசுச் சான்று. இத்தனை காகிதங்களுக்கு நடுவே அதிகமான குடும்பங்களைக் கோர்ட் படி ஏற வைப்பது எது என்று வக்கீல்களைக் கேட்டால், முதல் வரிசையில் உயிலைச் சொல்வார்கள். விற்றவர் உயிரோடு இருந்தால் கிரயப் பத்திரத்தைப் பற்றி அவரையே கேட்கலாம். உயிலோ, எழுதியவர் போன பிறகுதான் பேசத் தொடங்குகிறது. சந்தேகம் தீர்க்க வேண்டிய ஒரே ஆள் கூண்டேற வரமாட்டார். உயில் வழக்கின் சிக்கல் முழுவதும் இதிலிருந்து பிறப்பதுதான்.

உயில் எழுத உரிமை உண்டா?

இன்று நமக்கு இது வேடிக்கையான கேள்வி. 200 ஆண்டுகளுக்கு முன் வேடிக்கையாக இல்லை. தர்ம சாஸ்திரங்களில் தானம் உண்டு, பாகம் உண்டு, தத்து உண்டு, உயில் இல்லை. குடும்பச் சொத்து பிறக்கும்போதே பிள்ளைக்கு ஒட்டிக்கொள்வது. தகப்பன் செத்த பிறகும் தன் இஷ்டப்படி அதைப் பிரிப்பான் என்ற எண்ணம் அந்த ஏற்பாட்டுக்குள் பொருந்தவே இல்லை.

கும்பினியார் காலத்துச் சென்னையில் துபாஷிகளும் வணிகர்களும் வெள்ளைக்காரரைப் பார்த்து உயில் எழுதத் தொடங்கினார்கள். அவற்றில் பெயர் பெற்றது பச்சையப்ப முதலியாருடையது. 1794 மார்ச்சில் சொத்தை அறத்துக்கு எழுதி வைத்தார். அதே மாதம் திருவையாற்றில் கண்ணை மூடினார். பணம் உறவினர் வழக்குகளில் பல பத்தாண்டுகள் சிக்கிக் கிடந்து, கோர்ட் வழியாக மீண்டு, 1842-இல்தான் பள்ளிக்கூடமாக முளைத்தது.

மாகாணத்தின் மற்ற ஊர்களில் நிலைமை இன்னும் குழப்பம். இந்துக்களின் உயிலுக்கு, இந்து சட்டத்தோடு ஒத்துப்போகிற அளவுக்குத்தான் மதிப்பு என்று சென்னை அரசு 1829-இல் ஐந்தாம் ஒழுங்குவிதி போட்டது. சாஸ்திரத்தில் இல்லாத ஒன்று சாஸ்திரத்தோடு எப்படி ஒத்துப்போகும்? இந்தக் கேள்வி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. சென்னை மாகாணத்திலிருந்து சென்ற நாகலட்சுமி அம்மாள் எதிர் கோபு நடராஜ செட்டி வழக்கில் 1856-இல் விடை வந்தது. உயிரோடு இருக்கும்போது தானமாகக் கொடுக்கும் உரிமை ஒருவருக்கு உள்ள சொத்தை அவர் உயிலாலும் கொடுக்கலாம் என்ற கொள்கை அங்கிருந்து உறுதிப்பட்டது. அதன்படி சுயார்ஜித சொத்துக்கு உயில் செல்லும்.

பிரியாத கூட்டுக் குடும்பத்தில் தனக்குள்ள பங்கு? அதற்குச் சென்னை உயர் நீதிமன்றம் 1874-இல் கதவை அடைத்தது. சாகிற அந்தக் கணத்திலேயே அவர் பங்கு மற்றப் பங்காளிகளுக்குப் போய்விடுகிறது. உயிலோ அதே கணத்தில்தான் உயிர் பெறுகிறது. முந்திக்கொள்வது பங்காளி உரிமைதான் என்றார்கள். இந்தக் கதவு திறக்க 1956 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 30-ஆம் பிரிவு, கூட்டுக் குடும்பச் சொத்திலும் தன் பங்கை உயில் எழுதலாம் என்றது.

வாய்ச்சொல்லும் உயிலாக இருந்த காலம்

உரிமை ஒரு பக்கம். வடிவம் என்ன? 1870-இல் வந்த இந்து உயில்கள் சட்டம் எழுத்தையும் இரண்டு சாட்சிகளையும் கட்டாயமாக்கியது. ஆனால் தெற்கே அது சென்னை நகரத்துக்குள் மட்டும். அப்போது தென்னார்க்காட்டில் இருந்த கள்ளக்குறிச்சி அந்த எல்லைக்கு வெளியே. இங்கே ஒரு பெரியவர் கட்டிலில் படுத்தபடி, "மேலண்டைக் காணி சின்னவனுக்கு" என்று நாலு பேர் கேட்கச் சொல்லிவிட்டுப் போனால், அதை நிரூபிக்க முடிந்தவரை அதுவும் உயில்தான். 1927 ஜனவரி 1-க்குப் பிறகு எழுதப்படும் எல்லா இந்து உயில்களுக்கும் இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவு பொருந்தும் என்று ஆன பிறகே வாய்மொழி உயிலின் காலம் முடிந்தது.

அந்தப் பிரிவு கேட்பது கொஞ்சம்தான். எழுதுபவர் கையெழுத்தோ பெருவிரல் ரேகையோ வைக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள், அவர் கையெழுத்துப் போடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது இது என் கையெழுத்துதான் என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். பதிவும் கட்டாயம் இல்லை.

இவ்வளவு எளிய ஏற்பாடு இவ்வளவு வழக்குகளை ஈன்றது எப்படி? ஒரு காரணம் பெண்பிள்ளைகளின் பங்கு. 1989 மார்ச் 25 முதல் தமிழ்நாட்டில், அதற்கு முன் திருமணமாகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-இல் மத்திய அரசின் திருத்தம் அதை நாடு முழுமைக்கும் விரித்தது. முன்பு மகளுக்குக் கொடுக்காமல் இருக்க யாரும் எதுவும் எழுத வேண்டியிருக்கவில்லை. வழக்கமே அதைப் பார்த்துக்கொண்டது. உனக்குப் பங்கு உண்டு என்று சட்டம் சொன்ன பிறகு, இல்லை என்று சொல்ல ஒரு காகிதம் தேவைப்பட்டது.

"நான் போட்டுட்டுக் கிளம்பிட்டேங்க ஐயா"

இனி வரும் காட்சி குறிப்பிட்ட எந்த வழக்கும் இல்லை. எந்த முன்சீப் கோர்ட்டிலும் நடக்கக்கூடியது. அப்பா இறந்து வருஷம் திரும்பவில்லை. மரவள்ளியும் மக்காச்சோளமும் விளைகிற நிலம். இரண்டு மகள்கள் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போடுகிறார்கள். தம்பி தன் பதிலுரையோடு ஓர் உயிலை நீட்டுகிறார். "சுயநினைவோடும் நல்ல மனநிலையோடும் பிறருடைய தூண்டுதலின்றி" என்ற வழக்கமான வாசகத்தோடு அது தொடங்குகிறது. பிரதிவாதி தரப்புச் சான்றாவணம் 1 என்று முத்திரை விழுகிறது. மகள்கள், "அது அப்பா கையெழுத்தே இல்லை" என்கிறார்கள்.

உயில் பொய் என்பதை அக்காள்கள் நிரூபிக்கட்டும் என்று தம்பி உட்கார்ந்துவிட முடியாது. உயிலைக் கொண்டுவந்தவர்தான் அது மெய் என்று காட்ட வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவரையாவது கூண்டில் ஏற்றியாக வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டத்தில் அதுவே 67-ஆம் பிரிவு.

உரம் கடை வைத்திருக்கும் பக்கத்து ஊர்க்காரர் சாட்சியாக வருகிறார். முதல் விசாரணை சுலபமாகப் போய்விடுகிறது. குறுக்கு விசாரணையில் அக்காள்களின் வக்கீல் நிதானமாகக் கேட்கிறார். பெரியவர் கண்ணாடி போட்டிருந்தாரா? முதல் பக்கத்தில் கையெழுத்து, கடைசிப் பக்கத்தில் ரேகை, அது ஏன்? உயிலை யார் படித்துக் காட்டியது? பத்திர எழுத்தரை யார் கூட்டி வந்தது, கூலி யார் கொடுத்தது? ஆஸ்பத்திரியிலிருந்து பெரியவர் வீட்டுக்கு வந்து எத்தனை நாள்? கடைசியாக ஒன்று: இன்னொரு சாட்சி கையெழுத்துப் போட்டதைப் பார்த்தீர்களா?

"இல்லீங்க, நான் போட்டுட்டுக் கிளம்பிட்டேங்க ஐயா."

உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையிலேயே உயில் ஆட்டம் காண்கிறது. இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் கேட்கவில்லை. ஆனால் ஒருவரை மட்டும் கூண்டேற்றினால், அந்த ஒருவர் இருவர் கையெழுத்துக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும்; முடியாவிட்டால் மற்றவரையும் அழைத்திருக்க வேண்டும். உச்ச நீதிமன்றம் 2002 டிசம்பரில், ஜானகி நாராயண் போயிர் வழக்கில், இதைத் திட்டவட்டமாகச் சொல்லிவிட்டது. மற்ற சாட்சி உயிரோடு இருந்தும் அழைக்கவில்லை என்றால், தம்பியின் உயிலுக்கு அத்துடன் முடிந்தது கதை.

கையெழுத்தே அவருடையது இல்லை என்ற மறுப்பு நீண்டுகொண்டே போனால், அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கியபோது போட்ட கையெழுத்தை வரவழைத்து நிபுணருக்கு அனுப்புவார்கள். நிபுணர் சொல்வது கருத்து மட்டுமே. அதை மட்டும் வைத்து எந்த உயிலும் நிற்பதும் இல்லை, விழுவதும் இல்லை.

சந்தேகம் யாருடைய பாரம்?

கையெழுத்து உண்மையாகவே இருந்தாலும் உயில் தோற்கலாம். இதைப் புரியவைத்தது மைசூர்ப் பக்கத்து வழக்கு ஒன்று. லட்சுமம்மா என்ற கைம்பெண் 1945-இல் எழுதியதாக ஓர் உயில். அதைக் கோர்ட்டுக்குக் கொண்டுவந்த வெங்கடாசல ஐயங்கார்தான் உயில் தயாரானதிலும் முன்னின்றவர். பலனும் அவர் பக்கத்துக்கே போனது. கீழ்க்கோர்ட் ஏற்றது, உயர் நீதிமன்றம் தள்ளியது. 1958 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் தள்ளியது சரியே என்றது. நீதிபதி கஜேந்திரகட்கர் அன்று எழுதிய தீர்ப்பைத்தான் இன்றும் உயில் வழக்குகளில் இரு தரப்பும் முதலில் காட்டுகிறார்கள்.

தீர்ப்பின் சாரம் இது. உயில் எழுதியவர் தெளிந்த மனத்தோடு இருந்தார், எழுதியது என்னவென்று விளங்கிக்கொண்டார், தன் விருப்பத்தால் கையெழுத்திட்டார் என்று நீதிபதியின் மனசாட்சி ஒப்ப வேண்டும். நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த மனநிலை, காரணம் சொல்லாமல் பெற்ற பிள்ளையை ஒதுக்கியது, பலன் பெறுகிறவரே எழுத வைத்தது போன்றவை தலைகாட்டினால் அந்தச் சந்தேகத்தைத் துடைக்க வேண்டியதும் உயிலைக் கொண்டுவந்தவரே. மோசடி, மிரட்டல் என்று எதிர்த்தரப்பு குற்றம் சாட்டினால் அதை மட்டும் எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டும்.

சந்தேகம் இருந்தாலே உயில் செத்தது என்று பொருளில்லை. 1838-இல் பிரிவி கவுன்சிலில் பாரி எதிர் பட்லின் என்றொரு வழக்கு. பெற்ற மகனை ஒதுக்கிவிட்டுத் தன் வக்கீலுக்கும் வைத்தியருக்கும் வீட்டுப் பட்லருக்கும் ஒரு சீமான் எழுதி வைத்த உயில். பலன் பெறுகிறவர் கை அதில் இருந்தது. இதற்குமேல் சந்தேகத்துக்கு என்ன வேண்டும்? ஆனால் தகப்பனுக்கும் மகனுக்கும் நெடுநாள் மனஸ்தாபம், எழுதியவருக்கு அறிவு தெளிவாக இருந்தது என்று காட்டினார்கள், உயில் நின்றது. மகனை ஒதுக்கியது மட்டும் உயிலைக் கொல்லவில்லை. மகளை ஒதுக்கிய உயிலும் அதே தராசில்தான் ஏறும்: ஏன் ஒதுக்கினார் என்பதற்குப் பதில் இருக்கிறதா?

மூன்றாம் புத்தகம்

"ரெஜிஸ்டர் பண்ணிய உயில், யாராலும் அசைக்க முடியாது" என்பது நம் ஊர் நம்பிக்கை. பாதிதான் சரி. பதிவு ஒரு பலம். சார்பதிவாளர் முன் அவரே வந்து ரேகை வைத்தார் என்பதற்கு அத்தாட்சி. ஆனால் பதிவான உயிலுக்கும் சாட்சி கூண்டேறித்தான் ஆக வேண்டும். மற்ற பத்திரங்களுக்கு உள்ள விலக்கு உயிலுக்கு இல்லை.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. கிரயமும் அடமானமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதல் புத்தகத்தில் ஏறும்; உயில் மூன்றாம் புத்தகத்தில். வில்லங்கச் சான்று முதல் புத்தகத்தைப் பார்த்துக் கொடுப்பது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்த மகளுக்கும் அப்பாவின் உயில் கண்ணில் படாது. எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை நகல் அவருக்கோ அவர் முகவருக்கோ மட்டும்தான். இறந்த பிறகு இறப்புச் சான்றோடு போனால் மற்றவர்களும் வாங்கலாம். வழக்குப் போடுமுன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

ஆக, வழக்கில் தேடுகிற ஆதாரமெல்லாம் உயில் எழுதுகிற அன்றே விளைய வேண்டியவை. தன்னைவிட வயது குறைந்த, ஊரிலேயே இருக்கிற, பலன் எதுவும் பெறாத இரண்டு பேர் ஒன்றாக இருந்து கையெழுத்துப் போட்டார்களா? பலன் பெறும் பிள்ளை அந்த அறைக்கு வெளியே நின்றாரா? யாருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று உயிலிலேயே இரண்டு வரி இருக்கிறதா? எழுதியவர் கூண்டேற முடியாது. அவர் சொல்ல வேண்டியதை உயிரோடு இருக்கும்போதே தாளில் சொல்லிவிடலாம்.

மலைக்குத் திரும்பினால்

கல்வராயன் மலையில் வாழும் மலையாளிகள் பட்டியல் பழங்குடியினர். 1956-ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டம், மத்திய அரசு தனியாக அறிவித்தாலன்றிப் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்று தன் 2(2)-ஆம் பிரிவிலேயே சொல்லிவிட்டது. சமவெளிப் பெண் 1989-இல் பெற்ற பங்கு மலைப் பெண்ணுக்குத் தானாக வந்து சேரவில்லை. பழங்குடிப் பெண்களுக்கும் சம பங்கு வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஸ்.எம். சுப்பிரமணியம் 2023-இல் தீர்ப்பளித்தார். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்ற பிறகு, மலைமக்களின் வாழ்நிலையை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்தபோது, அந்த அமர்விலும் அவரே இருந்தார்.

2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தரும் பட்டா வேறு ஏற்பாடு. மணமானவர் என்றால் கணவன், மனைவி இருவர் பெயரும் பட்டாவில் ஏற வேண்டும். அந்த நிலம் வாரிசுக்கு இறங்கும். விற்கவோ பிறருக்கு மாற்றவோ முடியாது. சமவெளியில் ஒரு கையெழுத்தை நம்பி நடக்கிற சண்டைக்கு அங்கே இடமே குறைவு, பட்டா கைக்கு வந்திருந்தால்.

வந்ததா? கல்வராயன் மலையின் பட்டாக் கதை அடுத்த இதழில்.