காதலிக்க நேரமில்லை

காதலிக்க நேரமில்லை 1964 பிப்ரவரி 27 அன்று வெளியான தமிழ்த் திரைப்படம். இயக்கம் சி. வி. ஸ்ரீதர், தயாரிப்பு அவருடைய சித்ராலயா நிறுவனம். கதை வசனத்தில் ஸ்ரீதரோடு 'சித்ராலயா' கோபுவுக்கும் பங்கு உண்டு. ஒளிப்பதிவு ஏ. வின்சென்ட், இசை விஸ்வநாதன் - ராமமூர்த்தி, பாடல்கள் கண்ணதாசன். முத்துராமன், டி. எஸ். பாலையா, நாகேஷ், ராஜஸ்ரீ, சச்சு, வி. எஸ். ராகவன் ஆகியோர் நடித்த இப்படத்தில் ரவிச்சந்திரனும் காஞ்சனாவும் கதாநாயகன், கதாநாயகியாக அறிமுகமானார்கள். ஒரு பொய், அதைக் காப்பாற்ற இன்னும் நாலு பொய், நடுவில் மாட்டிக்கொண்ட காதல் ஜோடிகள் என்ற வகைக் கதைக்குத் தமிழில் இன்றுவரை அளவுகோலாக இருப்பது இந்தப் படம்.

முன்னோடிகள்

தமிழின் முதல் முழுநீள நகைச்சுவைப் படம் இது என்று மேடைகளில் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல. ஏ. வி. மெய்யப்பன் தயாரித்த 'சபாபதி' 1941லேயே வந்துவிட்டது. வேலைக்காகக் கணவன் மனைவியாக நடிக்கும் இருவரின் கதையான 'மிஸ்ஸியம்மா' 1955இல் வந்தது. ஆள்மாறாட்டத்தை வைத்தே சிரிக்கவைத்த 'சபாஷ் மீனா' 1958இல், பாட்டுத் தெரியாதவன் பாடகனாக நடித்துக் காதலிக்கும் 'அடுத்த வீட்டுப் பெண்' 1960இல். ஆள் மாறுவதும் அதனால் குழப்பம் நேர்வதும் தமிழ் ரசிகர்களுக்குப் பழகிய விஷயங்கள்தான்.

ஆனாலும் அன்றைய பொது வழக்கம் வேறாக இருந்தது. கதாநாயகன் அழுவான், கதாநாயகி தியாகம் செய்வாள். சிரிப்பைத் தனி டிராக்கில் இரண்டு பேர் பார்த்துக்கொள்வார்கள். ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான 'கல்யாணப் பரிசு' (1959) இதற்கு நல்ல உதாரணம். மையக் கதை முழுக்கக் கண்ணீர். தங்கவேலுவும் எம். சரோஜாவும் வரும்போது மட்டும் கொட்டகை குலுங்கும். தன்னை எழுத்தாளன் என்று மனைவியிடம் அளந்துவிடும் அந்தத் தங்கவேலு பாத்திரத்தைப் படத்திலிருந்து உருவி எடுத்தாலும் மூலக்கதைக்கு ஒரு சேதமும் வராது. 'காதலிக்க நேரமில்லை'யில் அந்த வேலை செல்லாது. நாகேஷை எடுத்துவிட்டால் அந்தக் குடும்பத்தின் பாதி போய்விடும்.

உருவான விதம்

சித்ராலயாவின் முதல் தயாரிப்பான 'தேன்நிலவு' (1961) காஷ்மீரில் எடுக்கப்பட்ட லேசான காதல் கதை. அதன்பின் ஸ்ரீதர் 'நெஞ்சில் ஓர் ஆலயம்', 'சுமைதாங்கி', 'நெஞ்சம் மறப்பதில்லை' என்று கனமான கதைகளின் பக்கம் போனார். மருத்துவமனை, மரணம், முற்பிறவி என்று வரிசையாக மனத்தைப் பிழிந்துகொண்டிருந்தவரைச் சிரிப்புப் படம் எடுக்கும்படி தூண்டியவர் கோபு. இருவரும் செங்கல்பட்டில் ஒன்றாகப் படித்தவர்கள். கோபுவின் இயற்பெயர் சடகோபன். மெரினா கடற்கரையில் உட்கார்ந்து பேசியபோது பிறந்த யோசனை என்பது திரையுலகில் பலமுறை சொல்லப்பட்ட செய்தி.

நடிகர் தேர்வில் ஸ்ரீதர் துணிச்சல் காட்டினார். ரவிச்சந்திரன் மலேசியாவிலிருந்து படிக்க வந்த இளைஞர். காஞ்சனா விமானப் பணிப்பெண்ணாக வேலை பார்த்தவர். வசுந்தரா தேவி என்ற அவருடைய இயற்பெயரில் ஏற்கெனவே ஒரு புகழ்பெற்ற நடிகை இருந்ததால் பெயர் மாறியது. குழந்தை நட்சத்திரமாக வந்து, 'வீரத்திருமகன்' படத்தில் கதாநாயகியாகவும் நடித்திருந்த சச்சு, நாகேஷுக்கு ஜோடி என்றதும் முதலில் தயங்கினார். ஒப்புக்கொண்டது அவருக்கு நல்லதாகவே முடிந்தது. அதற்குப் பிறகான அவருடைய நீண்ட நகைச்சுவை வாழ்க்கை இந்தப் படத்தில்தான் தொடங்குகிறது.

கதை

சின்னமலை எஸ்டேட் உரிமையாளர் விஸ்வநாதனுக்கு (பாலையா) ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் செல்லப்பா (நாகேஷ்) 'ஓஹோ புரொடக்ஷன்ஸ்' என்று பலகை மாட்டிக்கொண்டு, படம் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டு அலைகிறான். மகள்கள் காஞ்சனாவும் நிர்மலாவும் பட்டணத்தில் படிப்பு முடிந்து ஊர் திரும்புகிறார்கள். இருவரையும் பெரிய பணக்கார வீட்டில் கொடுக்க வேண்டும் என்பது தகப்பனாரின் ஒரே குறிக்கோள். எஸ்டேட்டில் வேலை பார்க்கும் அசோக் (ரவிச்சந்திரன்) முதலாளியின் மகள்களோடு மோதி வேலையை இழக்கிறான். வாசலுக்கு எதிரே கூடாரம் போட்டு, வேலை கேட்டு ஆட்டமும் பாட்டுமாகப் போராடுகிறான். அதில் நிர்மலா (ராஜஸ்ரீ) மனம் இளகுகிறாள்.

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு விஸ்வநாதன் பெண் கொடுக்கமாட்டார். எனவே தான் கோடீஸ்வரர் சிதம்பரத்தின் வாரிசு என்று அசோக் ஒரு பொய் சொல்கிறான். சிதம்பரமாக நடிக்க நண்பன் வாசு (முத்துராமன்) வரவழைக்கப்படுகிறான். நரைமுடி, தடி, இருமல் சகிதம் சம்பந்தியாக வந்து இறங்கிய வாசுவுக்கு அங்கே அதிர்ச்சி: அவனுடைய காதலி காஞ்சனா இந்த வீட்டு மூத்த பெண். வாசுவோ உண்மையிலேயே பணக்கார வீட்டுப் பிள்ளை. அவன் தந்தை சதாசிவம் விஸ்வநாதனின் பழைய சிநேகிதர். சொந்த அடையாளத்தில் வந்து பெண் கேட்டிருந்தால் தாம்பூலம் மாற்றியிருப்பார்கள். பணக்காரனான அவன், நண்பனுக்காக இன்னொரு பணக்காரனாக வேடம் போட்டு வந்து சிக்கிக்கொள்கிறான். கதையின் மிகச் சிறந்த முடிச்சு இதுதான். அதைப் படம் எங்கேயும் விளக்கிக்கொண்டிருப்பதில்லை.

பாலையாவும் நாகேஷும்

போஸ்டரில் யார் பெரிதாக இருந்தாலும் படத்தின் நாயகர் பாலையாதான். 'சதி லீலாவதி' (1936), 'அம்பிகாபதி' (1937) காலத்திலிருந்து வில்லனாகக் கண்ணை உருட்டியவர், ஐம்பது வயதில் இப்படி ஒரு தகப்பனாக வந்தார். வாசலில் கத்திக்கொண்டிருந்த வேலைக்காரப் பையன் கோடீஸ்வரர் மகன் என்று தெரிந்த அந்தக் கணத்தில் அவர் உடம்பே மாறுகிறது. முதுகு வளைகிறது, குரல் குழைகிறது. அதுவரை 'அவன், இவன்' என்று வந்த வாயில் அசோக்கின் பெயருக்கும் மரியாதை விகுதி, மகன் என்ற உறவுக்கும் மரியாதை விகுதி என்று ஒட்டிக்கொள்கிறது. காசுக்கு ஒரு மனிதன் எவ்வளவு வேகமாகக் கும்பிடு போடுவான் என்பதை அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறார். இத்தனைக்கும் இந்த விஸ்வநாதன் கெட்டவன் இல்லை; நம் தெருவிலும் வரன் பார்க்கும் படலத்தில் இவரைப் பார்க்கலாம்.

செல்லப்பா அப்பாவுக்குக் கதை சொல்லும் காட்சி தனிப் புகழ் பெற்றது. பணம் போடுவதற்கு முன் கதையைக் கேட்கிறேன் என்று அப்பா உட்கார, மகன் ஒரு திகில் கதையைத் தொடங்குகிறான். கதை என்று பார்த்தால் ஒன்றுமே கிடையாது. கதவு கிறீச்சிடுவதும் காலடி கேட்பதும் காற்று ஊளையிடுவதுமாக எல்லாச் சத்தமும் நாகேஷின் வாயிலிருந்தே வருகிறது. அதற்குத் தக்கபடி பாலையாவின் முகம் வெளிறி, கண் விரிந்து, உடல் நாற்காலிக்குள் ஒடுங்குகிறது. நாகேஷ் பேசுகிறார், பாலையா ஒரு வார்த்தையும் பேசாமல் சிரிப்பைத் தட்டிச்செல்கிறார். 'புதிய பறவை'யை இயக்கிய தாதா மிராசி இப்படித்தான் சத்தங்களோடு கதை சொல்வாராம். அதைப் பார்த்துத்தான் இந்தக் காட்சி எழுதப்பட்டது என்பார்கள். இன்று தொலைக்காட்சியில் பத்துப் பன்னிரண்டு முறை பார்த்தவர்களும் இந்தக் காட்சிக்கு ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

வண்ணமும் பாட்டும்

தமிழில் வண்ணப்படம் என்றால் அதுவரை 'அலிபாபாவும் 40 திருடர்களும்', 'வீரபாண்டிய கட்டபொம்மன்', அதே 1964 பொங்கலுக்கு வந்த 'கர்ணன்' என்று ராஜா உடையும் அரண்மனையும்தான். கலர் செலவைச் சாதாரணச் சட்டை, புடவைக் கதைக்குப் போடுவதா என்ற தயக்கம் தயாரிப்பாளர்களுக்கு இருந்தது. ஸ்ரீதர் ஈஸ்ட்மன்கலரைச் சமூகக் கதைக்குக் கொண்டுவந்தார். பொள்ளாச்சி அருகே ஆழியாறு அணையை ஒட்டிய விருந்தினர் மாளிகைதான் விஸ்வநாதனின் வீடு. மலை, நீர், வெயில், பெண்களின் ஆடை எல்லாவற்றையும் வின்சென்ட் அள்ளிக்கொண்டார். மெரினாவில் படமாக்கிய ஒரு டூயட், அந்தக் காலத்துக் கடற்கரைச் சாலையின் வண்ணப் பதிவாகவே இப்போது பார்க்கப்படுகிறது. அதைப் பாடியவர்களில் ஒருவர் கே. ஜே. யேசுதாஸ், அவர் தமிழுக்கு வந்த புதிது. படம் வெள்ளி விழா கண்டது.

வாசலில் ஒரு போராட்டம்

அசோக்கின் கூடாரப் போராட்டத்தைப் பற்றித் தனியாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஸ்ரீதரும் கோபுவும் பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்காரர்கள்.  படம் தயாரான ஆண்டுகளில் அந்த மாவட்டத்தின் வடபகுதி வேகமாக மாறிக்கொண்டிருந்தது. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் தொடங்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டை படம் வந்த அதே 1964இல் உருவானது.  கம்பெனி வாசல், வேலைநீக்கம், வாயிற்கூட்டம், பந்தல் போட்டு உட்காருதல் எல்லாம் அந்த வட்டாரத்து மக்களின் அன்றாடப் பேச்சாகிவிட்டது.

முதலாளி பெயரைச் சொல்லி வேலை கேட்கும் பாட்டை அந்தப் பின்னணியில் வைத்துக் கேட்டால் அதன் குறும்பு கூடுதலாகத் தெரியும். முழக்கத்தின் தாளம் அப்படியே நடனத் தாளமாகிறது. முதலாளியின் பெயரும் இசையமைப்பாளர்களில் ஒருவரின் பெயரும் ஒன்றாக அமைந்தது உபரி வேடிக்கை. ஆனால் படம் தொழிலாளி பக்கம் நின்றது என்று சொன்னால் அது மிகை. அசோக்குக்கு வேலை கிடைப்பதைவிட முதலாளியின் பெண் கிடைப்பதுதான் கதைக்கு முக்கியம். எஸ்டேட்டில் தேயிலை பறிக்கும் கைகளைப் படம் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. சிரிக்க வந்த படத்திடம் இதைக் கேட்கலாமா என்றால், கேட்கலாம். அதனால் சிரிப்பு குறைந்துவிடாது.

மறுவடிவங்கள்

மறு ஆண்டே தெலுங்கில் 'பிரேமிஞ்சி சூடு' (1965) வந்தது. பி. புல்லையா இயக்கத்தில் அக்கினேனி நாகேஸ்வர ராவ் நடித்தார். காஞ்சனாவும் ராஜஸ்ரீயும் அங்கேயும் தொடர்ந்தார்கள். இந்தியில் ஸ்ரீதரே 'ப்யார் கியே ஜா' (1966) என்று எடுத்தார். ரவிச்சந்திரன் இடத்தில் சசி கபூர், முத்துராமன் இடத்தில் கிஷோர் குமார், பாலையாவுக்கு ஓம் பிரகாஷ், சச்சுவுக்கு மும்தாஜ். நாகேஷின் வேடத்தைச் செய்த மெஹ்மூத் சிறந்த நகைச்சுவை நடிகருக்கான பிலிம்பேர் விருது பெற்றார். மராத்தியில் மகேஷ் கோட்டாரே இயக்கிய முதல் படமான 'தூம் தடாக்கா' (1985) இதே கதைதான். போலி அப்பாவாக அசோக் சராப் இருமிய இருமல் அங்கே இன்றும் வழங்கும் கேலிச்சொல்லாகிவிட்டது. இருபது ஆண்டு கழித்தும் இன்னொரு மொழியில் அந்த வேடமும் இருமலும் செல்லுபடியானது கதைக் கட்டின் உறுதிக்குச் சான்று.

வழித்தோன்றல்கள்

ஸ்ரீதரே 'ஊட்டி வரை உறவு' (1967) எடுத்தார். கோபு எழுதிய 'கலாட்டா கல்யாணம்' (1968) ஜோடிகளின் எண்ணிக்கையைக் கூட்டியது. பின்னர் 'தில்லுமுல்லு' (1981), 'உள்ளத்தை அள்ளித்தா' (1996), கிரேசி மோகன் வசனத்தில் 'காதலா காதலா' (1998) என்று ஆள்மாறாட்டக் கோடு நீண்டது. செல்போன் வந்தபின் ஆள் மாறுவது கடினமாகிவிட்டதால், குழப்பம் காதலர்களுக்கு உள்ளேயே புகுந்தது. பாலாஜி மோகனின் 'காதலில் சொதப்புவது எப்படி' (2012) அப்படிப்பட்டது. இங்கே பொய்க்குப் பதில் சொல்லாமல் விட்ட வார்த்தைகள் சிக்கலைக் கிளப்புகின்றன. பிரதீப் ரங்கநாதனின் 'லவ் டுடே' (2022) அந்த செல்போனையே மாற்றிக் கொடுத்துப் பார்த்தது. காதலர்களை அந்தச் சோதனைக்குத் தள்ளுபவர் பெண்ணின் தகப்பனார், சத்யராஜ் நடித்தது. வெகுநாள் கழித்து ஒரு அப்பா மறுபடியும் கதையின் சாவியைக் கையில் வைத்திருந்தார். ஆனால் பாலையாவின் பேராசையோடு வந்த அசட்டுத்தனம் அவரிடம் கிடையாது. இந்த வகைப் படங்கள் பெரும்பாலும் தவறவிட்டது அதைத்தான்: இளம் ஜோடிக்குக் கொடுத்த அளவு சிரிப்பைப் பெரியவர்களுக்கும் கொடுக்கும் மனம்.

பாலையா 1972இலும், முத்துராமன் 1981இலும், ஸ்ரீதர் 2008இலும், நாகேஷ் 2009இலும், ரவிச்சந்திரன் 2011இலும், வின்சென்ட் 2015இலும் காலமானார்கள். படத்தின் தலைப்பு பின்னர் விஜய் தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்கும், கிருத்திகா உதயநிதி இயக்கத்தில் ரவி மோகனும் நித்யா மேனனும் நடித்து 2025 ஜனவரி 14 அன்று வெளியான படத்துக்கும் வைக்கப்பட்டது. ஏ. ஆர். ரகுமான் இசையமைத்த அந்தப் புதிய படத்துக்கும் 1964 படத்துக்கும் கதையில் தொடர்பு இல்லை.