கதவும் கத்தரிக்கோலும்

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில், பெர்விக்ஷயர்க் கடலோரப் பாறைகள் மடித்துப் போட்ட ஜமக்காளம் போல வளைந்து வளைந்து கிடப்பதைக் கண்ட ஸர் ஜேம்ஸ் ஹால் என்னும் பிரபு, கல் எவ்விதம் வளைந்தது என்று நூல்களில் தேடிக்கொண்டிராமல், துணித் துண்டுகள் பலவற்றை மேஜைமீது ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, கீல் கழன்று கிடந்த கதவு ஒன்றை அவற்றின்மேல் வைத்து, கதவின்மீது பாரம் ஏற்றி, துணியடுக்கின் இரு முனைகளிலும் பலகை கொடுத்துச் சம்மட்டியால் அடித்தார். துணி குறுகக் குறுகக் கனத்த கதவு சிறிது சிறிதாக மேலெழும்பிற்று. உள்ளே, கடற்கரையில் கண்ட அதே மடிப்புகள் தோன்றியிருந்தன. 1812-ல் எடின்பரோ ராயல் சங்கத்தில் அவர் இதை விவரித்தார்.

புவித்தட்டுகளின் இயக்கத்தைக் களிமண்ணாலும் காகிதத்தாலும் உயர்நிலைப் பள்ளி மாணாக்கர்க்குக் கற்பிக்கும் முறையைப் பலர் சிறுவர் விளையாட்டு என்றும், பாடத்தை முடிப்பதற்குத் தடை என்றும் கருதுகிறார்கள். அந்த அபிப்பிராயம் தவறானது. இந்தச் சாஸ்திரம் பிறந்து வளர்ந்த வரலாறே பெரும்பாலும் கைவேலையின் வரலாறு.

1910-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸ் சமயத்தில், நண்பர் ஒருவருக்குப் பரிசாக வந்த பெரிய தேசப்படப் புத்தகத்தைப் புரட்டிய ஜெர்மானிய வானிலை ஆராய்ச்சியாளர் ஆல்பிரட் வெகனர், தென் அமெரிக்காவின் கிழக்கோரமும் ஆப்பிரிக்காவின் மேற்கோரமும் ஒன்றோடொன்று பொருந்தக்கூடியவை என்று வியந்தார். ஒன்றாயிருந்த கண்டங்கள் நகர்ந்து பிரிந்தன என்னும் கருத்தாக அதை வளர்த்து, 1912 ஜனவரியில் பிராங்பர்ட் நகரில் பிரசங்கமாகச் செய்து, 1915-ல் நூலாக்கினார். கிழிந்த செய்தித்தாளின் துண்டுகளை ஓரம் பார்த்து ஒட்டிய பின்னர், அச்சு வரிகளும் தொடர்ந்து ஓடுகின்றனவா என்று சரிபார்ப்பது போல, கரைகளைப் பொருத்திய பின்னர் பாறைகளையும் மலைத்தொடர்களையும் ஒப்பிட வேண்டும் என்பது அவர் கூறிய உவமை. ஒரு வகுப்பறையில் பழைய செய்தித்தாளைக் கிழித்துக் கொடுக்கும் உபாத்தியாயர் வெகனரின் நியாயத்தையே மாணாக்கரின் விரல்களில் வைக்கிறார்.

அந்தப் பொருத்தம் பொருத்தமே அன்று என்று கேம்பிரிட்ஜின் புவிபௌதிக அறிஞர் ஹெரால்ட் ஜெப்ரீஸ் மறுத்தார். டாஸ்மேனியாவில் பேராசிரியராயிருந்த வாரன் கேரி வாதத்தில் இறங்குவதற்கு முன் ஒரு பெரிய பூகோள உருண்டையைத் தயாரித்து, அதன் வளைவுக்கு ஏற்ற பிளாஸ்டிக் தகடுகளில் கண்டங்களை வரைந்து, நீர்க்கரையை விட்டு, கடலுக்குள் ஆழ்ந்திருக்கும் கண்டத்தின் மெய்யான விளிம்பை வைத்து அவற்றை நகர்த்திப் பார்த்தார். 1955-ல் பொருத்தம் மிகவும் நெருக்கமானது என்று வெளியிட்டார். ஆயினும் அதே கேரி, எல்லாக் கண்டங்களையும் ஒருசேரப் பொருத்த முயன்றபோது எழுந்த இடைவெளிகளைக் கண்டு, பூமியே பருத்துக்கொண்டு வருகிறது என்ற பிழையான முடிவுக்கும் போய்விட்டார். கை காட்டுவதை அளவையும் கணக்கும் சோதிக்க வேண்டும் என்பதை மாணாக்கர்க்கு உணர்த்த இதைவிடச் சிறந்த திருஷ்டாந்தம் எனக்குத் தெரியாது.

ஆனால் காகிதத்தின் மகிமையை முழுமையாக அறிந்தவர் கனடா நாட்டுப் புவிபௌதிக அறிஞர் டூசோ வில்சன். ஏறத்தாழ ஐம்பது வயது வரையில் கண்டங்கள் நகர்வதை நம்பாதிருந்து, பின்னர் மனம் மாறியவர் அவர். கடலடி மலைத்தொடர் பல இடங்களில் அறுந்து, பக்கவாட்டில் விலகி, மறுபடியும் தொடர்வதைக் காண்கிறோம். ஒரே தொடராக இருந்ததைப் பிளவு ஒன்று இழுத்து விலக்கிவிட்டது என்றும், அந்த விலகல் இன்னும் வளர்கிறது என்றுமே எவரும் எண்ணுவர். வில்சன் வேறு விதமாக எண்ணினார்: புதிய கடல்தரை பிறந்து இரு மருங்கும் ஒதுங்கிச் செல்லும் இடங்களே அம்மலைத் துண்டுகள், அவற்றின் இடைவெளி மாறாதிருக்க, நடுவிலுள்ள பிளவின் இரு கரைகளும் தோற்றத்துக்கு நேர்மாறான திசையில் உரசுகின்றன, ஆகையால் நிலநடுக்கமும் இரு துண்டுகளுக்கு இடைப்பட்ட பகுதியில்தான் நிகழும். சொல்லக் கேட்டால் குழம்பும் இந்த விஷயத்தை, அவர் காகிதத்தை வெட்டி மடித்து இழுத்துக் காட்டியே விளக்கினார். ஒரு தாளில் படிக்கட்டைப் போன்ற கீறல் வெட்டி, அதன் அடியிலிருந்து வரிகள் தீட்டிய இரு தாள்களை எதிரெதிர்த் திசைகளில் வெளியே இழுத்துப் பாருங்கள். படி தன் இடத்திலேயே நிற்கிறது, தாள்கள் மட்டும் போகின்றன. எங்கே உரசுகிறது, எங்கே உரசவில்லை என்பது கண்ணுக்குப் பிரத்தியட்சமாகிவிடும். இக்கருத்தை 1965-ல் 'நேச்சர்' சஞ்சிகையில் வெளியிட்டு, அதற்கு 'டிரான்ஸ்பார்ம் பிளவு' என்று பெயரிட்டார். 1967-ல் நிலநடுக்க ஆராய்ச்சியாளர் லின் சைக்ஸ், நிலநடுக்கப் பதிவுகளைக் கொண்டு, பிளவின் அசைவு வில்சன் கூறிய திசையிலேயே இருப்பதை நிரூபித்தார்.

அதே 1967-ல்தான், அமெரிக்கப் பள்ளிகளுக்காகச் சோதனைகளையே ஆதாரமாகக் கொண்டு எழுதப்பட்ட புவியியல் பாடநூல் ஒன்று வெளிவந்தது. பின்னாளில், ஹூஸ்டனிலுள்ள ரைஸ் சர்வகலாசாலையின் டேல் சாயர் அமைத்த பயிற்சி இன்னும் ஒரு படி மேலே சென்றது. நிலநடுக்கம், எரிமலை, தரையின் உயர ஆழம், கடல்தரையின் வயது என்னும் நான்கு தேசப்படங்களை நான்கு குழுக்களிடம் கொடுத்து, ஒவ்வொரு குழுவும் தன் படத்தில் தேர்ச்சி பெற்ற பின்னர், குழுக்களைக் கலைத்து, நால்வகைத் தேர்ச்சியாளரும் ஒரே தட்டின் ஓரங்களைச் சேர்ந்து ஆராயும்படி செய்தார். ஓரங்களின் வகைகளை ஆசிரியர் முன்கூட்டியே சொல்வதில்லை. மாணாக்கரே கண்டு வகுக்கிறார்கள். கரும்பலகையில் அந்த மூன்று வகைகளின் பெயர்களை எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லும் உபாத்தியாயர், முப்பது பேரிடமிருந்து தாமே கண்டறியும் ஆனந்தத்தை அபகரித்துவிடுகிறார் என்றே நான் சொல்வேன்.

வில்சன் 1974 முதல் 1985 வரையில், டொரொன்டோவில் பார்வையாளர் பொருள்களைத் தொட்டும் இயக்கியும் கற்கும்படி அமைந்த ஒன்டாரியோ விஞ்ஞான மையத்தின் தலைவராயிருந்தார். அவர் பிறந்த 1908 முதல் கண்டம் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்பதைக் காட்டும் பெரிய ஆணி ஒன்று அவர் நினைவாக அந்த வளாகத்தில் நிறுவப்பட்டது. கூரையின் பழுதைக் காரணம் காட்டி, 2024 ஜூன் மாதத்தில் அந்த மையத்தை மூடிவிட்டார்கள்.