மன்னார்குடி மாட்டுவண்டி நூலகம்

மன்னார்குடி மாட்டுவண்டி நூலகம் என்பது 1931 அக்டோபரில், மன்னார்குடியை அடுத்த மேலவாசல் சிற்றூரில் தொடங்கப்பட்ட நடமாடும் நூலகமாகும். அப்போது மன்னார்குடி தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவாரூர் மாவட்டத்தில் உள்ளது. நூலகத்தையும் அருங்காட்சியகத்தையும் மக்கள் தேடிச் செல்வதே வழக்கமாக இருந்த காலத்தில், அவை மக்களைத் தேடி வர வேண்டும் என்ற எண்ணத்தைக் காவிரிப் படுகையில் நடைமுறைப்படுத்திய முயற்சி இது.

பின்னணி

தஞ்சையில் நூல்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. இரண்டாம் சரபோஜி மன்னர் (1798–1832) வளர்த்த சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. ஆயினும் அங்குள்ள ஓலைச்சுவடிகள் அறிஞர் அங்கேயே அமர்ந்து ஆராய்வதற்கு உரியவை. உழவர் வீட்டுக்கு எடுத்துச் சென்று படிப்பதற்கு உரியவை அல்ல. நாற்று, நடவு, களை, அறுவடை என்று வயலோடு கட்டுண்டவர்களுக்கு ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் கூலியை இழப்பதாகும். வண்டல் மண் பாதைகள் ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகிவிடும். ஊருக்கும் நூலுக்கும் இடையே இருந்த தடை தொலைவு மட்டுமன்று. நேரமும் கூலியும் பாதையும் சேர்ந்ததே அத்தடை.

உலகில் முன்மாதிரிகள்

அமெரிக்காவில் 1905ஆம் ஆண்டு இரு முயற்சிகள் நடைபெற்றன. மேரிலாந்து மாநிலத்தின் ஹேகர்ஸ்டவுனில் மேரி டிட்கம் என்ற நூலகர் குதிரை வண்டியில் நூல்களைப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பினார். செயின்ட் லூயிஸ் நகரின் கல்வி அருங்காட்சியகம் காட்சிப் பொருள்களைப் பெட்டிகளில் அடைத்துக் குதிரை வண்டியில் பள்ளிகளுக்கு அனுப்பியது. நடமாடும் நூலகமும் நடமாடும் அருங்காட்சியகமும் ஒரே தேவையிலிருந்து பிறந்தவை என்பதை இது காட்டுகிறது. இந்தியாவில் பரோடா சமஸ்தானம் மரப்பெட்டிகளில் நூல்களை ஊர்களுக்கு அனுப்பி வந்தது.

அரங்கநாதனும் வண்டியும்

இந்திய நூலகவியலின் தந்தை எனப்படும் சீ. இரா. அரங்கநாதன் 1892இல் சீர்காழியில் பிறந்தவர். கணித ஆசிரியராகப் பணியாற்றியவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகிப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்கு பொது நூலகங்கள் எளிய மக்களுக்கும் பயன்படுவதைக் கண்டார். 1928இல் சென்னை நூலகச் சங்கம் தோன்றக் காரணமாக இருந்தவர்களுள் அவரும் ஒருவர். 1931இல் வெளிவந்த அவருடைய நூலக அறிவியலின் ஐந்து விதிகள், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய நூல் கிடைக்க வேண்டும் என்பதை ஒரு விதியாகவே வகுத்தது. வாசகர் வர இயலாவிடில் நூல் செல்ல வேண்டும் என்பது அவ்விதியின் இயல்பான முடிவு.

அதே ஆண்டில் மேலவாசல் வண்டி புறப்பட்டது. பொறியாளர் எஸ். வி. கனகசபை பிள்ளை நூல்களை அடுக்கிச் செல்வதற்கேற்ப இதனை வடிவமைத்தார். மோட்டார் வண்டி நுழைய முடியாத ஊர்ப் பாதையிலும் மாட்டுவண்டி செல்லும். பழுதானால் ஊர்த் தச்சரே சீர்செய்வார். மாட்டுக்கு வைக்கோல் எல்லா ஊரிலும் கிடைக்கும். சிற்றூர் மக்கள் நன்கறிந்த ஊர்தியைத் தேர்ந்தெடுத்ததே இம்முயற்சியின் சிறப்பு.

நூலிலிருந்து காட்சிப் பொருளுக்கு

அருங்காட்சியகங்கள் இவ்வழியில் இறங்கப் பல ஆண்டுகள் ஆயின. 1959இல் திறக்கப்பட்ட கொல்கத்தாவின் பிர்லா தொழில், தொழில்நுட்ப அருங்காட்சியகம், 1965இல் பேருந்தில் நடமாடும் அறிவியல் கண்காட்சியைத் தொடங்கியது. ஒரே பொருளை விளக்கும் இருபதுக்கும் மேற்பட்ட காட்சிப் பொருள்களுடன் பேருந்து ஊர்ப்புறப் பள்ளிகளுக்குச் சென்றது. மாணவர்கள் கைப்பிடியைச் சுழற்றியும் பொத்தானை அழுத்தியும் தாமே இயக்கிப் பார்ப்பது இதன் முறை. 1978இல் அமைந்த தேசிய அறிவியல் அருங்காட்சியகங்கள் மன்றம் இதனை நாடெங்கும் விரிவுபடுத்தியது. 2007இல் புறப்பட்ட அறிவியல் விரைவு ரயிலும் இவ்வகையினதே. எனினும் ரயில், நிலையம் வரைதான் வரும். சிற்றூரின் தெருவுக்குள் வராது.

மதிப்பீடு

நடமாடும் நூலகத்துக்கும் கண்காட்சிக்கும் பொதுவான குறை ஒன்று உண்டு. வண்டி வந்த நாளில் ஊரில் ஆர்வம் பெருகும். வண்டி சென்றபின் அதற்குத் தீனி இராது. நூலக இயக்கத்தினர் இதனை உணர்ந்திருந்தனர். அரங்கநாதனின் இடையறாத முயற்சியாலும், கல்வி அமைச்சர் தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் துணையாலும் 1948இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதன்முதலாக இயற்றப்பட்ட மாநில நூலகச் சட்டம் இதுவே. வீட்டு வரியோடு சேர்த்து வாங்கப்படும் நூலக வரி, கிளை நூலகங்களுக்கு நிலையான வருவாயாயிற்று. வந்து போன நூல்கள் ஊரிலேயே தங்க வழி பிறந்தது.

அருங்காட்சியகத்துக்கு அத்தகைய நிலை இன்னும் அமையவில்லை. பேருந்தில் வரும் காட்சிப் பொருள்கள் மீண்டும் பேருந்திலேயே திரும்பிவிடுகின்றன. ஒரு நாள் கைப்பிடியைச் சுழற்றிப் பார்த்த சிறுவன், மறுநாளும் சுழற்றிப் பார்க்க அவனுடைய ஊரிலேயே ஓர் இடம் வேண்டும். நூலுக்கு 17 ஆண்டுகளில் கிடைத்த அந்த இடம், காட்சிப் பொருளுக்கும் கிடைக்க வேண்டும் என்பதே மேலவாசல் வண்டியின் வரலாறு தரும் பாடம்.