மலை கேட்கும் நாட்கள்

வெள்ளவத்தையில் புகையிரதப் பாதைக்கும் அலைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில், விடியுமுன்னரே ஓடிப் பயிலும் இளைஞரை நாம் காண்கிறோம். கொட்டாஞ்சேனையின் மேட்டுத் தெருக்களில் ஏறியிறங்கிக் கால்களை உரப்படுத்துவோரும் உளர். இவர்களுள் ஒருவர், லடாக்கில் நடைபெறும் 72 கிலோமீற்றர் கர்துங் லா ஓட்டத்தில் கலந்துகொள்ள விரும்புகிறார் என்று கொள்வோம். கடல் மட்டத்தில் வளர்ந்த அவரது உடல், 5,300 மீற்றருக்கு மேற்பட்ட கணவாயொன்றைக் கடக்கவேண்டும். கால்வலிமை மட்டும் அங்கு போதாது. மலை வேறொன்றைக் கேட்கிறது. அது கேட்பது காலத்தை.

உயரத்தில் ஒட்சிசன் குறைவு என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் காற்றில் அதன் பங்கு எங்கும் ஏறத்தாழ 21 வீதமே. குறைவது வளியின் அமுக்கம். நுவரெலியாவில், 1,868 மீற்றரில், அது கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்கு. கர்துங் லாவிலோ ஏறத்தாழப் பாதி. ஒவ்வொரு மூச்சிலும் உட்செல்லும் ஒட்சிசனும் அவ்வளவிற் குறைகிறது. உடல் இதற்கு வாளாவிருப்பதில்லை. சில மணி நேரத்துள் மூச்சு ஆழமாகிறது. இதயத் துடிப்பு விரைகிறது. சில நாட்களில் சிறுநீரகம் குருதியின் கார அமிலச் சமநிலையைத் திருத்தி, அந்த ஆழ்ந்த மூச்சு நிலைபெற வழிசெய்கிறது. பல வாரங்களிற் செங்குழியங்கள் பெருகுகின்றன. இவற்றுள் எதனையும் பணங்கொடுத்தோ மனவுறுதியாலோ ஒரே இரவில் முடித்துவிட இயலாது. ஆதலாற்றான் 3,000 மீற்றருக்கு மேல், உறங்குமிடத்தை நாளொன்றுக்கு 500 மீற்றருக்கு மிகாமல் உயர்த்துக என்றும், மூன்று நான்கு நாட்களுக்கொருமுறை ஏறாது ஓய்வு கொள்க என்றும் மருத்துவர் கூறுகின்றனர்.

இவ்வறிவு மனிதகுலத்துக்கு எவ்வாறு கிட்டியது? 1878இல் பிரெஞ்சு அறிஞர் போல் பேர், மலைநோயின் காரணம் ஒட்சிசனின் அமுக்கக் குறைவே என்பதை ஆய்வுகூடச் சோதனைகளால் நிறுவினார். 1890இல் வியோ என்பவர் பெரு நாட்டின் மொரொகோச்சா என்னும் சுரங்க ஊருக்குச் சென்று, அங்கு தங்கிய சில வாரங்களிற் செங்குழியங்கள் பெருகியதைக் கணக்கிட்டார். அவருக்கு முன்பே அவ்வுயரத்தில் பாறையுடைத்து வாழ்ந்த மக்களின் குருதியில் எழுதப்பட்டிருந்ததையே விஞ்ஞானம் அன்று வாசித்தது.

1953 மே 29இல் டென்சிங்கும் ஹில்லரியும் எவரெஸ்ட் உச்சியை அடைந்ததை நாமனைவரும் அறிவோம். அதற்கு முன் அக்குழுவினர் தியாங்போச்சேயைத் தளமாகக் கொண்டு, சூழவுள்ள மலைகளில் வாரக்கணக்கில் உடலைப் பழக்கினர் என்பதையோ, 1922இல் அதே மலையிற் பனிச்சரிவு எழுவரைக் கொன்றபோது மாண்டோர் அனைவரும் சுமைகூலிகளே என்பதையோ நம்மிற் பலர் நினைப்பதில்லை.

காலம் பெற்றோரின் கதை அது. காலம் மறுக்கப்பட்டோரின் கதையும் உண்டு. 1962இல் இந்திய சீனப் போர் மூண்டபோது, சமவெளியிலிருந்த படைவீரர் விமானத்தில் ஏற்றப்பட்டு, பழகுவதற்கு நாளின்றி இமய உயரங்களில் இறக்கப்பட்டனர். துப்பாக்கிக்குத் தப்பியவரையும் நுரையீரலில் நீர் கோத்து வீழ்த்தியது. அவ்வாண்டுகளில் நோயுற்ற 1,925 வீரரைப் பற்றி இந்தர் சிங்கும் அவருடன் பணியாற்றிய மருத்துவரும் 1969இல் வெளியிட்ட ஆய்வு, இத்துறையில் இன்றும் போற்றப்படுகிறது. பின்னர் அப்படை, 2,700 மீற்றர் தொடங்கி முதற்கட்டத்தில் ஆறு நாளும் அடுத்த இரு கட்டங்களில் நந்நான்கு நாளும் வீரரைப் பழக்கும் விதியை வகுத்துக்கொண்டது. அந்தப் பதினான்கு நாட்களுக்கு விலை கொடுத்தோர் உழவர் வீட்டுப் பிள்ளைகள்.

விளையாட்டரங்கிலும் இதே பாடம். 1968 ஒலிம்பிக் நடைபெற்ற மெக்சிக்கோ நகர் 2,240 மீற்றர் உயரத்தில், அதாவது நம் சிவனொளிபாதமலை உச்சியின் மட்டத்தில் உள்ளது. உலகச் சாதனைகள் பல படைத்த அவுஸ்திரேலியரான ரொன் கிளார்க், அங்கு 10,000 மீற்றர் ஓட்டத்தை முடித்ததும் மயங்கி வீழ்ந்தார். அவ்வோட்டத்தை வென்றவர் கென்யாவின் நஃப்டாலி டெமு; மரதன் ஓட்டத்தை வென்றவர் எதியோப்பியாவின் மாமோ வோல்டே. இருவரும் மேட்டுநிலங்களில் வளர்ந்தவர்கள். உலகம் ஏழைமையென்று கண்ட மேட்டுநிலம் அன்று ஓர் ஆற்றலாகத் தெரிந்தது.

இலங்கைத் தமிழருக்கு மலையேற்றத்தின் வரலாறு இன்னும் அண்மையானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில், தமிழகத்தின் வறண்ட சமவெளிகளிலிருந்து கடல் கடந்து மன்னார்க் கரையில் இறங்கிய தொழிலாளர், காடுகளினூடே நடந்து மாத்தளை வழியாகக் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். அவர்கள் ஓடியது பதக்கத்துக்கன்று. அவர்களை வீழ்த்தியதும் வளியமுக்கமன்று. அவ்வுயரங்களில் அது உயிரைப் பறிக்குமளவு குறைவதில்லை. வாந்திபேதியும் காய்ச்சலும் பசியும், வெயிலுக்குப் பழகிய உடலுக்குப் புதிதான மலைக்குளிரும் ஈரமும் அவர்களைக் கொன்றன. ஆயினும் வினா ஒன்றே: புதிய இடத்துக்குப் பழக அவ்வுடல்களுக்கு எத்தனை நாள் கொடுக்கப்பட்டது? வந்து சேருமுன்பே கடன் கணக்கில் ஏறிவிட்ட மனிதனுக்கு ஓய்வுநாள் ஏது?

ஆகவே நம் இளைஞருக்கு நாம் கூறுவது இது. நுவரெலியாவில் தங்கிப் பயிலுங்கள், அது நன்றே. ஆனால் நம் நாட்டின் மிகவுயர்ந்த பீதுருதாலகாலையே 2,524 மீற்றர்தான். எஞ்சியதை 3,500 மீற்றரிலுள்ள லே நகரில் பல நாட்கள் தங்கியே உடல் கற்கவேண்டும். தலைவலியும் குமட்டலும் தோன்றின் மேலே ஏறாதீர்கள். தள்ளாட்டமோ, ஓய்விலும் மூச்சுத்திணறலோ காணின் உடனே கீழிறங்குங்கள். அதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

விடுமுறை பெற்று மலைக்குச் செல்வோருக்கு இந்நாட்கள் கிடைக்கும். கட்டளையாலும் கடனாலும் மலைக்கு அனுப்பப்படுவோருக்கும் அவை கிடைக்கவேண்டும். மனித உடல் எங்கும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டது. அவ்விதி கேட்கும் நாட்களைச் சிலருக்கு அளித்துப் பலருக்கு மறுப்பது இயற்கையன்று.