ஏரிக்குள் மனை: சென்னையும் ஹூஸ்டனும்

வெள்ளம் வடிவதற்குள்ளேயே ஒரு கேள்வி வந்துவிடும்: "அங்கே போய் வீடு கட்டினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்?" கேள்வி வீட்டுக்காரருக்கு மட்டும்தான். மனை பிரித்து விற்றவரையோ, வரைபடத்தில் கையெழுத்திட்டவரையோ யாரும் கேட்பதில்லை. 2015 டிசம்பரில் சென்னையும் 2017 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் ஹூஸ்டனும் மூழ்கின. இரண்டு இடத்திலும் பெருமழையோடு நீர்த்தேக்கமும் பேச்சுக்கு வந்தது. ஆனால் பொறுப்பு வேறு வேறு தலைகளில் விழுந்தது.

ஹூஸ்டனின் மேற்கே ஆடிக்ஸ், பார்க்கர் என்ற இரண்டு நீர்த்தேக்கங்களை 1940களில் ராணுவப் பொறியாளர் படை கட்டியது. பஃபலோ பாயு ஆறு பெருகி நகரின் மையத்தை அழிக்காமல் மழைநீரைத் தடுத்து வைப்பது அவற்றின் வேலை. மற்ற நாட்களில் பெரும்பாலும் காய்ந்தே கிடக்கும். கரை தாங்கக்கூடிய நீர் பரவும் நிலம் முழுவதையும் அரசு வாங்கவில்லை. ஆடிக்ஸில் சுமார் 103 அடி மட்டம் வரையுள்ள நிலம்தான் அரசுடையது. 2017இன் ஹார்வி புயலில் நீர் 109 அடியைத் தொட்டது. அந்த ஆறடி இடைவெளிக்குள் குடியிருப்புகள் எழும்பியிருந்தன.

சென்னையில் செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி வரை நீர் திறக்கப்பட்டது. ஜாபர்கான்பேட்டையும் கோட்டூர்புரமும் மூழ்கின. மனிதர் உண்டாக்கிய பேரிடர் என்று தலைமைக் கணக்குத் தணிக்கையர் அறிக்கை சொன்னது. ஆனால் புறநகர்ப் பகுதிகளான முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் மூழ்கடித்தது செம்பரம்பாக்கத்து நீரல்ல. அந்த உபரிநீர் அடையாற்றில் சேர்வது அவ்வூர்களுக்குக் கீழேதான். அங்கே வந்தது ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் நீர். மதகைத் திறந்த நேரம் பற்றிய வாதம் எவ்வளவு நியாயமானாலும், மனை போட்ட இடம் பற்றிய கேள்விக்கு அது பதிலாகாது.

அடுத்து, யாருக்குத் தெரிந்திருந்தது? ஹூஸ்டனை ஒட்டிய ஃபோர்ட் பெண்ட் கவுண்டியில் பார்க்கரை அடுத்த சில மனைப்பிரிவுகளின் வரைபடத்திலேயே, இங்கே நீண்ட நாள் நீர் தேங்கக்கூடும் என்று ஒரு குறிப்பு இருந்தது. அந்த வரைபடம் அலுவலகத்தில் கிடந்தது. வீடு வாங்கியவர்களில் பலர் அதைப் பார்த்ததே இல்லை. தேசிய வெள்ளக் காப்பீட்டு வரைபடங்களும் இந்த நீர்ப்பரப்பை அபாயப் பகுதியாகக் காட்டவில்லை. அதனால் பலரிடம் காப்பீடும் இல்லை.

நம் ஊரில் கிராம வரைபடத்திலும் 'அ' பதிவேட்டிலும் ஏரி, ஓடை, வாய்க்கால் எல்லாம் சர்வே எண்ணோடு இருக்கின்றன. மனை வாங்குபவர் கைக்கு வருவது பட்டா, வில்லங்கச் சான்றிதழ், பெருநகர வளர்ச்சிக் குழுமத்தின் (சிஎம்டிஏ) அல்லது பழைய பஞ்சாயத்து அப்ரூவல். யார் யாருக்கு விற்றார், எதன்மேல் கடன் இருக்கிறது என்பதெல்லாம் வில்லங்கத்தில் தெரியும். எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது தெரியாது. பெரிய கட்டடங்களுக்கு வெள்ளப் பாதிப்பு பற்றிப் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று கேட்கப்படுகிறது. மனையை இத்தனை உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்கு என்று அதில் நிபந்தனை வரும். புது அடுக்குமாடி மேட்டில் நிற்கும். பக்கத்துப் பழைய தெரு பள்ளமாகிவிடும்.

இனி, யாரைக் கேட்டார்கள்? ஹூஸ்டனில் நீர்த்தேக்கங்களின் மேற்புறத்து வீட்டுக்காரர்கள் மத்திய அரசின் மேல் வழக்குப் போட்டார்கள். அரசு தன் நீரைத் தேக்கி வைக்கத் தனியார் நிலத்தைப் பயன்படுத்திக்கொண்டது, எனவே இழப்பீடு தர வேண்டும் என்று 2019 டிசம்பரில் நீதிபதி சார்ல்ஸ் லெட்டோ தீர்ப்பளித்தார். அதே ஆண்டு டெக்சாஸ் சட்டமும் மாறியது. வீடு முன்பு மூழ்கியதா, நீர்த்தேக்கப் பரப்புக்குள் இருக்கிறதா என்று விற்பவர் எழுத்தில் சொல்லியாக வேண்டும்.

சென்னையில் அடையாற்றங்கரைக் குடிசைகளைத்தான் முதலில் அகற்றினார்கள். பல குடும்பங்கள் பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. அதுவோ பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்வுப் பகுதி. அங்கும் தண்ணீர் நிற்கிறது. ஆற்றில் இருந்தது ஆக்கிரமிப்பு என்றால், அரசே கொண்டுபோய் வைத்த இந்த இடத்துக்கு என்ன பெயர்? முகப்பேரில் வீட்டுவசதி வாரியம் போட்ட திட்டத்தின் பெயரே 'ஏரித் திட்டம்'. ஏரி என்று தெரிந்தே மனை போட்ட வாரியத்தை யாரும் ஆக்கிரமிப்பாளர் என்பதில்லை.

இதை வைத்து ஹூஸ்டன் நியாயமான ஊர் என்று சொல்லிவிட முடியாது. அங்கே இழப்பீட்டுத் தீர்ப்பு வரி கட்டுகிறவர் பணத்தின் மேல்தான் விழுந்தது. மனை போட்டு லாபம் பார்த்தவரும், குறிப்போடு வரைபடத்தை ஏற்றுக்கொண்ட கவுண்டியும் அந்த வழக்கில் பிரதிவாதிகள் அல்ல. விற்றவர் தப்பியதில் இரண்டு ஊரும் ஒன்றுதான். ஹூஸ்டன் நீரைத் தேக்கியவரையாவது கேட்டது. சென்னை, கையில் காகிதமே இல்லாதவரைக் கேட்டது.

தெரிந்தவருக்கே பொறுப்பு என்பதுதான் சரியான அளவுகோல். வாங்குபவருக்குத் தெரிய வழியில்லை. புரமோட்டருக்கும் சர்வேயருக்கும் அனுமதி தந்த அதிகாரிக்கும் வழி இருந்தது. 2016 ரியல் எஸ்டேட் சட்டம் கட்டுமானக் குறைகளுக்கு 5 ஆண்டு வரை புரமோட்டரைப் பொறுப்பாக்குகிறது. சுவரில் விரிசல் விட்டால் கேட்கலாம். மனையே ஏரிக்குள் இருப்பது அதைவிடப் பெரிய குறை. அதையும் இந்தப் பொறுப்புக்குள் கொண்டுவர வேண்டும். கடைசியாக நின்ற நீர் எத்தனை அடி என்ற ஒரு வரியைக் கிரயப் பத்திரத்தில் கட்டாயமாக்க வேண்டும். அதன் கீழே விற்றவரும் அனுமதித்த அதிகாரியும் கையெழுத்துப் போடட்டும். அதற்குப் பிறகும் தெரிந்தே வாங்கினால், அப்போது வீட்டுக்காரரைக் கேட்கலாம்.