ஒரு மழை இரவும் ஒரு கார் கொட்டகையும்

போன வாரம் என் பேரன் சாப்பாட்டு மேசைமேல் கம்பிகளைப் பரப்பிவைத்து ஏதோ பற்றவைத்துக்கொண்டிருந்தான். "கடையில வாங்கல தாத்தா, நானே செய்யறேன்" என்றான். 1975-இல் அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நினைவுக்கு வந்தது.

அந்த ஜனவரியில் 'பாப்புலர் எலெக்ட்ரானிக்ஸ்' இதழின் அட்டையில் 'ஆல்டேர் 8800' என்ற கணினியின் படம் வந்தது. விலை 397 டாலர். பணம் கட்டினால் உதிரிப்பாகங்கள் வரும். வாங்கியவரே பற்றவைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டும். கீபோர்டு கிடையாது, திரையும் கிடையாது. முன்பக்கம் சுவிட்சுகளும் சிறு விளக்குகளும்தான். நினைவகம் 256 பைட்; ஒரு தந்தி வாசகம் கொள்ளும் அளவு.

மார்ச் 5, மழை இரவு. கலிபோர்னியாவில் மென்லோ பார்க் என்ற ஊரில், கோர்டன் பிரெஞ்ச் என்பவர் வீட்டுக் கார் கொட்டகையில் முப்பது பேர்போல் கூடினார்கள். பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு முதலில் கண்ணில் பட்டது அந்தப் பெயர்தான். ஆனால் மனிதர் அமெரிக்கர். அவரும் பிரெட் மூரும் தொடங்கிய சங்கத்துக்கு 'ஹோம்பிரூ கம்ப்யூட்டர் கிளப்' என்று பெயர் வந்தது. வீட்டில் காய்ச்சியது என்று பொருள். புதுவைக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை!

சில வாரங்களில் ஸ்டீவ் டாம்பியர் என்பவர் ஆல்டேர் அருகே ஒரு ரேடியோவை வைத்தார். கணினி ஓடும்போது ரேடியோவில் எழும் இரைச்சலையே அவர் சுரங்களாக ஒழுங்குபடுத்தியிருந்தார். ரேடியோ பாடியது! கூட்டம் எழுந்து கைதட்டியது.

அங்கே வழக்கம் ஒன்றுதான்: தெரிந்ததைச் சொல், தெரியாததைக் கேள். முதல் கூட்டத்துக்கு வந்த ஸ்டீவ் வாஸ்னியாக், பிறகு தான் வடிவமைத்த 'ஆப்பிள் 1' கணினியின் வரைபடத்தை நகலெடுத்துச் சும்மா கொடுத்தார். மறுபக்கமும் உண்டு. 1976 பிப்ரவரியில் பில் கேட்ஸ், தன் நிறுவனத்தின் மென்பொருளைக் காசு கொடுக்காமல் நகலெடுக்கிறீர்களே என்று பகிரங்கக் கடிதம் எழுதினார். உழைப்புக்குக் கூலி வேண்டும் என்ற அவர் வாதத்திலும் நியாயம் இருந்தது.

அந்த நாட்களில் நான் இங்கே எல்.டி.சி. எங்கள் அலுவலகத்து வழக்கம் நேர் எதிர். எந்த ஆணை எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதுதான் ஒரு குமாஸ்தாவின் செல்வாக்கு. மூத்தவர்கள் இழுப்பறையைப் பூட்டுவார்கள். நானும் பூட்டினேன். ஒருமுறை நான் ஒரு மாத விடுப்பில் போய்த் திரும்பியபோது, இறந்துபோன பியூனின் மனைவி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். குடும்ப ஓய்வூதியத்துக்கான தாள் என் இழுப்பறையில். அந்த ஒரு மாதமும் தினமும் வந்துபோயிருக்கிறார். "நீங்க வந்துட்டீங்களா ஐயா" என்றார். கோபமே இல்லாத அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து எங்கள் பிரிவுக்குக் கணினி வந்தபோது, என் மகள் வயதுப் பெண் ஒருவர் பக்கத்தில் அமர்ந்து எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தார். "எனக்கு ஏம்மா இதெல்லாம் சொல்ற?" என்று கேட்டேன். "இதுல ஒளிக்க என்ன சார் இருக்கு?" என்றார். அந்த வாரமே விதிகளையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி எல்லோருக்கும் பொதுவாக மேசைமேல் வைத்தேன். ஓய்வுபெறும்வரை இழுப்பறையைப் பூட்டவில்லை.

பேரன் செய்த பொருள் இன்னும் ஓடவில்லை. எதிர்வீட்டுப் பையனைக் கேட்கப் போயிருக்கிறான். நல்ல பழக்கம்.