மலை விளிம்பில் நின்ற ரயில்

மூணாறிலிருந்து மாட்டுப்பட்டி, குண்டளை வழியாக 32 கிலோமீட்டர் போனால் டாப் ஸ்டேஷன். கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரம். விளிம்பில் நின்று குனிந்து பார்த்தால் கீழே கொட்டகுடி, அதற்கப்பால் போடிநாயக்கனூர்ச் சமவெளி. சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஒரு ரயில் பாதையைக் கொண்டுபோய்ப் பள்ளத்தின் விளிம்பில் ஏன் முடித்தார்கள்? குண்டளைப் பள்ளத்தாக்கு ரயிலின் வரலாற்றை இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

1877-இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்ஞாறு அரச குடும்பத்திடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் நிறுவனம் உருவானது. காடு அழிந்து தேயிலை பரவியது. விளைந்ததை மலையிலிருந்து இறக்குவதுதான் பெரும்பாடு. மேற்கே ஆறுகளும் அடர்காடும் கடந்து நெடுந்தூரம் போக வேண்டும். கிழக்கே இறக்கம் செங்குத்து, ஆனால் தூரம் குறைவு. தோட்ட வேலைக்குக் கங்காணிகள் ஆள் திரட்டி வந்ததும் கிழக்குச் சீமையிலிருந்துதான். மூணாறு திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். அதன் வாசல் மட்டும் போடிப் பக்கம் இருந்தது.

1902-இல் முதலில் வந்தது ஒற்றைத் தண்டவாளம். சாலையோரமாக ஒரே ஒரு தண்டவாளம். வண்டியின் சிறு சக்கரங்கள் அதன்மேல் உருளும், பாரத்தின் பெரும்பங்கு அங்கேயே இறங்கும். பக்கவாட்டில் நீட்டிய பெரிய சக்கரம் ஒன்று மண் சாலையில் ஓடி, வண்டி சாயாமல் பிடித்துக்கொள்ளும். இழுப்பதற்கு மாடுகள். இதற்கு ஈவிங் முறை என்று பெயர். பஞ்சாபில் பாட்டியாலா மன்னர் இதே முறையில் பாதை போட்டது ஐந்து ஆண்டுகள் கழித்து, 1907-இல். 1908-இல் குண்டளைப் பாதை இரண்டடி அகல இருப்புப் பாதையாக மாறியது. மாட்டின் இடத்துக்கு எஞ்சின் வந்தது.

டாப் ஸ்டேஷனில் ரயில் நிற்கும். தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கிக் கொட்டகுடியில் தரை தொடும். அங்கிருந்து போடிக்கு மாட்டு வண்டி. போடிக்கே அன்று ரயில் கிடையாது! அடிவாரத்து ஊர் ரயிலைப் பார்ப்பதற்கு இருபது ஆண்டுகள் முன்பே மலைமேல் எஞ்சின் ஓடியது, நாட்டின் வேறெந்த ரயில் பாதையோடும் ஒட்டாமல்.

1924 ஜூலை. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகளுக்கு இது 'தொண்ணூற்றொன்பது வெள்ளம்'. விடாத மழையில் மலைகள் சரிந்தன. மாட்டுப்பட்டிப் பக்கம் மண்ணும் மரமும் ஆற்றை மறித்துத் தேக்கி, பின் உடைந்து மூணாறுமேல் பாய்ந்தன. தண்டவாளமும் பாலங்களும் போயின. பாதையை மறுபடி போடவில்லை.

மேற்கே ஆலுவாவுக்குப் போன பழைய மலைச் சாலையும் அதே வெள்ளத்தில் அழிந்தது. ஆனால் மேற்கில் நேரியமங்கலம் வழியாகப் புதுச் சாலை போட்டார்கள். 1935-இல் பெரியாற்றின் குறுக்கே பாலம் திறந்தார்கள். 1928-இல் மதுரையிலிருந்து போடிக்கு ஒருவழியாக ரயில் வந்தது. அதே ஆண்டு மே மாதம்தான் கொச்சியின் புதிய உள்துறைமுகத்துக்குள் முதல் பெரிய கப்பல் நுழைந்தது. போடி ரயில் வந்து சேர்ந்தபோது, மேலிருந்து சரக்கு கொண்டுவர மலை ரயில் இல்லை. மூணாறுத் தேயிலை மெல்ல மெல்லக் கொச்சிப் பக்கம் திரும்பியது. வெள்ளம் கொண்டுபோனது ரயிலை மட்டுமல்ல, கிழக்கு வாசலையும்தான்.

இன்று தடம் தேடிப் போகிறவர் மூணாறில் தேயிலை நிறுவனத்தின் அலுவலகக் கட்டடத்திலிருந்து தொடங்கலாம். அதுதான் பழைய ரயில் நிலையம். நல்லதண்ணி தேயிலை அருங்காட்சியகத்தில் எஞ்சின் சக்கரம் ஒன்று இருக்கிறது. டாப் ஸ்டேஷனில் கம்பிவட நிலையத்தின் எச்சங்களைக் காணலாம். ஆனால் பழைய பள்ளத்தாக்கை மனத்தில் வரையும்போது, பின்னாளில் வந்த மாட்டுப்பட்டி, குண்டளை அணைகளின் நீரைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும். குண்டளை அணை 1946-இல் எழுந்தது. தாள்களைத் தேடுவதும் இரட்டை வேலை. ரயில் ஓடியது திருவிதாங்கூரில். கம்பிவடம் இறங்கியது சென்னை மாகாணத்து மதுரை மாவட்டத்தில். திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தோடு நின்றுவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும். மீதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும் பார்க்க வேண்டும்.

அடுத்த வாரம் பாலக்காட்டுப் பக்கம் போவோம். பரம்பிக்குளம் காட்டுத் தேக்கைச் சாலக்குடிக்கு இறக்கிய கொச்சி சமஸ்தானத்து டிராம்வே, வெள்ளத்துக்குத் தப்பி 1963 வரை ஓடியது. அதை மூடியது இயற்கை அல்ல, கணக்குப் புத்தகம்.

(தொடரும்)